கொளஞ்சி ஐயாவுக்கு ஒரு பாராட்டு விழா

உங்கள் வீட்டில் பச்சைத் துண்டு இருக்கிறதா? என்னிடம் ஒன்று இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை இலவசமாகக் கொடுத்தார்கள். மடிப்புக் கலையாமல், பிளாஸ்டிக் கவரில் போட்டு, கூடவே ஒரு சாக்லேட்டும்!

பெரம்பலூரிலிருந்து குரும்பலூர் பக்கம் போகிற வழியில் ஒரு கல்யாண மண்டபம். பெயர் வேண்டாம். ஏசி ஹால், லிஃப்ட், வாசலில் ஐம்பது கார் நிற்கிற அளவுக்குப் பார்க்கிங். நான் ஸ்கூட்டரில் போய் இறங்கியதும் செக்யூரிட்டி விசில் ஊதிக்கொண்டே ஓடி வந்தார்.

"மேடம், இப்டி வேப்ப மரத்தடியில போடுங்க. சீட்டு சுடாது."

எவ்வளவு அக்கறை! போட்டுவிட்டு உள்ளே போனேன். கல்யாணம் இல்லை, வளைகாப்பு இல்லை. கொளஞ்சிநாதன் ஐயாவுக்கு எழுபத்தைந்து வயது நிறைவு, பாராட்டு விழா.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அவரைத் தெரியும். இரண்டு மூன்று தடவை எழுதியிருக்கிறேன். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்து விவசாயிகளுக்கு எது என்றாலும் முதலில் தேடுகிற ஆள் அவர்தான். மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்த வருஷம், புழு தின்ற கதிர்களை ஒரு சாக்கு நிறையக் கட்டிக் கொண்டுபோய் அதிகாரியின் மேஜையில் கொட்டியவர். "ஐயா, நீங்க ரிப்போர்ட்டுல சேதாரம் இல்லேன்னு எழுதியிருக்கீங்க. இதுங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்று புழுக்களைக் காட்டினாராம். அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகள் பள்ளிக்கூட நேரத்தில் பறந்தபோது, நடு ரோட்டில் பாயை விரித்து உட்கார்ந்தவர். அதற்காகப் பதினைந்து நாள் ஜெயிலிலும் இருந்தார்.

என் தம்பி வயலுக்குப் போகிற வண்டிப்பாதையை ஒரு பெரிய மனிதர் வேலி போட்டு அடைத்தார். எங்கள் குடும்பமே கையைப் பிசைந்துகொண்டு நின்றது. ஐயா வந்தார். வேலிக்குப் பக்கத்தில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தார். சாயந்திரம் வேலி போய்விட்டது. ஒரு காபி குடித்துவிட்டு பஸ் ஏறினார்.

இப்படிப்பட்ட மனிதர் அரசியலில் எங்கேயோ போயிருக்க வேண்டும் இல்லையா?

ஒரு கட்சி கூப்பிட்டுப் பதவி கொடுத்தது. எட்டு மாதம் இருந்தார். "எல்லாத்தப் பத்தியும் பேசுங்கண்ணே, அந்த மண்டபம் நம்ம கட்சிக்காரரோடது, அத மட்டும் வுட்ருங்க" என்றார்கள். கட்சியை விட்டுவிட்டார். அப்புறம் சட்டசபைக்குச் சுயேச்சையாக நின்றார். சின்னம் மாட்டு வண்டி கேட்டாராம், கிடைத்தது இஸ்திரிப் பெட்டி. டெபாசிட் காலி. சொந்த ஊர் பூத்திலேயே மூன்றாவது இடம்!

எந்த மண்டபம் என்று கேட்கிறீர்களா? விழா நடந்த அதே மண்டபம்தான்.

மண்டபம் பட்டா நிலத்தில் நிற்கிறது, அதில் சண்டை இல்லை. ஆனால் முன்னால் இருக்கிற பார்க்கிங்? அது ஏரிக்குத் தண்ணீர் கொண்டுபோகிற வரத்து வாய்க்கால். மண்ணைக் கொட்டி, ரோலர் விட்டு, மேலே ஜல்லியைப் பரப்பியாகிவிட்டது. இப்போது மலையடிவாரத்திலிருந்து வருகிற மழைத்தண்ணீர் ஏரிக்குப் போக வழியில்லாமல் ரோட்டில் ஏறி ஓடுகிறது. ஏரி வறண்டு கிடக்கிறது. ஏரி நிறைந்தால்தான் சுற்றியுள்ள கிணறுகளில் ஊறும். அந்தக் கிணறுகளை நம்பித்தான் ஊரில் பாதிப்பேர் சின்ன வெங்காயம் போடுகிறார்கள்.

இதற்காக ஐயா மனு மேல் மனுவாகப் போட்டுக்கொண்டே இருக்கிறார். அவரை நிற்கவைத்து அந்த மண்டபத்திலேயே மாலை போடுகிறார்கள். விழாக்குழுத் தலைவர் யார்? மண்டப ஓனர். ஃப்ளெக்ஸில் ஐயாவின் படத்தைவிட அவர் படம் ஒரு முழம் பெரிது. மண்டபத்துக்கு வாடகை வாங்கவில்லை என்பதை மைக்கில் மூன்று தடவை சொன்னார்.

"அண்ணன் என்னய எதுத்து எத்தினியோ மனு போட்டிருக்காரு. நான் மனசுல ஒண்ணும் வெச்சுக்கல" என்றார். கைதட்டல்! பெருந்தன்மையாம். அபகரித்தவருக்கு மனசில் எதுவும் இல்லை, அதற்கு நாம் கை தட்ட வேண்டும். எனக்கு ரத்தம் கொதித்தது.

மேடையில் வரிசையாகப் பேசினார்கள். எல்லாக் கட்சியும் வந்திருந்தது. "மாமனிதர்", "மண்ணின் காவலர்", "பசுமைச் சிங்கம்"... ஒருத்தர்கூட 'வாய்க்கால்' என்ற வார்த்தையை உச்சரிக்கவில்லை. எவ்வளவு கவனமாகப் பேசினார்கள் தெரியுமா? உழவு என்றார்கள், உயிர் என்றார்கள், சோறு என்றார்கள். தண்ணீர் என்று ஆரம்பித்த ஒருவரும் சட்டென்று குடிநீருக்கு மாறிவிட்டார்.

கடைசியில் ஏற்புரை. ஐயா மைக்கைக் கையில் எடுத்தார். கழுத்தில் இருந்த சால்வைகளைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"எல்லாரும் நல்லாப் பேசுனீங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். நீங்க வண்டிய நிறுத்திட்டு வந்திருக்கீங்களே, அதுக்கு அடியிலதான் நம்ம வாய்க்கா கெடக்கு. சர்வேயரு ரெண்டு தடவ வந்து திரும்பிப் போயிட்டாரு. ரெண்டு தடவயும் முகூர்த்தம், பூரா காரு. டேப்பு புடிக்க எடமில்ல. எல்லைக்கல்லு எங்க இருக்குன்னு தோண்டிப் பாக்க முடியல. நாளைக்குப் பத்து மணிக்குத் திரும்ப வரேன்னிருக்காரு. நாளைக்கு ஒரு நாளு, ஒரு மணி நேரம், அந்த எடம் காலியா இருக்கணும். முடிஞ்சவங்க வந்து என்கூட நில்லுங்க. மழ வர்றதுக்குள்ள அளந்தாத்தான் வெட்ட முடியும். அவ்வளவுதாங்க."

அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது. மண்டப ஓனரும் தட்டினார்! நானும்தான் தட்டினேன், கை சிவக்கிற அளவுக்கு.

பந்தியில் எனக்குப் பக்கத்தில் தங்கராசு. ஐயாவின் ஊர்க்காரர், எல்லாப் போராட்டத்திலும் முதல் வரிசையில் உட்காருகிறவர். இலையில் சாம்பார் விழுந்ததும் கேட்டேன்.

"ஏங்க தங்கராசு, உங்க ஊரு பூத்துல அவருக்கு ஏங்க ஓட்டு விழல?"

"அது வேறங்க டீச்சர், இது வேற."

"எது வேற?"

"போராட்டம்னா அண்ணன். ஓட்டுன்னா கட்சி. அண்ணன் ஜெயிச்சு உள்ள போயி உக்காந்துட்டாருன்னா, வெளிய நின்னு நமக்காகக் கத்தறதுக்கு யாருங்க இருக்கா? அவரு நல்லதுக்குத்தான் போடல."

அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னார். கிண்டல் இல்லை, நிஜமாகவே அப்படித்தான் நினைக்கிறார். அவர் மட்டுமில்லை, எதிர்வரிசையில் இருந்த நாலு பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ஒரு மனிதர் நமக்காக வெயிலில் நிற்கிறார். அவருக்கு நிழல் கொடுத்தால் அப்புறம் நமக்காக வெயிலில் நிற்க மாட்டாரோ என்று பயந்து, வெயிலிலேயே நிற்கவைத்திருக்கிறோம். இதற்கு நன்றி என்று பெயர் வேறு!

கடுமையாகத் திட்ட வாயெடுத்தேன். "நீங்க யாருக்கு டீச்சர் போட்டீங்க?" என்று கேட்டார் தங்கராசு.

ரசம் கேட்டு வாங்கினேன்.

ஒளிக்க என்ன இருக்கிறது? நானும் அவருக்குப் போடவில்லை. "எப்படியும் ஜெயிக்கப் போறதில்ல, ஓட்டு வீணாப் போயிடும்" என்று கணக்குப் போட்டு, ஜெயிக்கிற ஆளுக்குப் போட்டேன். தம்பியின் வண்டிப்பாதை வழியாக நடந்துபோய்த்தான் பூத்துக்குப் போனேன் என்றால் உங்களுக்கு என்ன தோன்றும்? எனக்கும் அதேதான் தோன்றுகிறது.

வெளியே வரும்போது ஐயாவைப் பார்த்தேன். "அந்த ஆள் போடற மாலைய ஏன் வாங்கிக்கிட்டீங்க? எனக்கு எரிச்சலா இருந்துது" என்றேன்.

"வாங்கலேன்னா மைக்கு குடுப்பாங்களா டீச்சர்? ஆயிரம் பேரு ஒரு எடத்துல சேந்திருக்காங்க. வேற எங்க போயி சொல்றது?" என்று சிரித்தார். "நாளைக்கு வாங்க."

"கண்டிப்பா வரேன்."

திங்கட்கிழமை. கிளம்பும்போதே ஒரு வேகம். பச்சைத் துண்டை மறக்காமல் கைப்பையில் எடுத்து வைத்துக்கொண்டேன். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தேன்.

மண்டப வாசலில் வாழை மரம். காதணி விழா!

வாய்க்கால் முழுக்கக் கார்... பைக்... வேன். முந்தின நாள் எழுந்து நின்று கை தட்டியவர்களில் பாதிப்பேர் அங்கே இருந்தார்கள், கையில் மொய்க் கவருடன். "வாங்க டீச்சர், நீங்களும் பத்திரிகை வாங்குனீங்களா?" என்று ஒருவர் விசாரித்தார்.

பார்க்கிங்கின் ஓரத்தில் மூன்றே பேர். ஐயா, டேப்பைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்ற சர்வேயர், அப்புறம் செல்வி. செல்விக்கு ஏரிக்குக் கீழே முக்கால் ஏக்கர். தன் வீட்டு விசேஷம் எதையும் அந்த மண்டபத்தில் வைத்தவர் இல்லை. மண்வெட்டியும் கடப்பாரையும் கொண்டு வந்திருந்தார்.

"வெத வெங்காயம் வூட்டுல மொளச்சுக்கிட்டு கெடக்குங்க" என்றார் என்னிடம். "கெணத்துல முழங்கால் தண்ணிதான் இருக்கு. ஊனவா, தின்னவா? இந்த மழைய ஏரில புடிச்சாத்தான் ஊனலாம். இல்லேன்னா நானும் திருப்பூரு பஸ்ஸு ஏற வேண்டியதுதான்."

ஐயா ஒவ்வொரு காராகப் போய்க் குனிந்து பேசிக்கொண்டிருந்தார். எழுபத்தைந்து வயது. "தம்பி, கொஞ்சம் ரோட்டுல போட்டுக்கங்க... ஒரு மணி நேரந்தான்." சிலர் "இதோ சாப்புட்டு வந்துர்றேன்யா" என்றார்கள். சிலர் அவருடன் செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தராவது வண்டியை எடுக்க வேண்டுமே? இல்லை.

சர்வேயர் பதினொன்று வரை பொறுத்துப் பார்த்தார். "நான் என்ன சார் பண்றது? காரு டாப்பு மேலயா அளக்கறது? அடுத்த தேதி சொல்றேன்" என்று ரோட்டில் நிறுத்தியிருந்த பைக்கை எடுத்தார். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது.

அந்த நேரம் பார்த்து மண்டபப் படியில் தங்கராசு. பச்சைத் துண்டு, நெற்றியில் சந்தனம், கையில் தாம்பூலப் பை.

பாய்ந்துவிட்டேன். "ஏங்க, உங்களுக்கெல்லாம் வெக்கமா இல்லையா? நேத்து எழுந்து நின்னு தட்டுனீங்களே! அவரு உங்களுக்காக ஜெயிலுக்குப் போனவரு. ஒரு மணி நேரம் வண்டிய வெளிய போட முடியாதா? அந்தச் செல்வி கடப்பாரையோட நிக்குது, கண்ணு தெரியலையா?" என் குரல் எனக்கே கேட்டது. காதணி விழாக் கூட்டம் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்! முப்பது வருஷம் வகுப்பில் கத்திய தொண்டை.

தங்கராசு கோபப்படவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

"நான் பஸ்ஸுல வந்தேங்க டீச்சர். அந்த வேப்ப மரத்தடியில நிக்கறது உங்க வண்டிதானே?"

திரும்பிப் பார்த்தேன். நிழலில், சீட்டு சுடாமல், ஜம்மென்று நின்றது என் ஸ்கூட்டர். காலையில் வந்ததும் செக்யூரிட்டி விசில் ஊதியிருக்கிறார். கை காட்டியிருக்கிறார். நானும் போட்டுவிட்டு வந்து, ஒரு மணி நேரமாக மற்றவர்களின் கார்களைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"எல்லைக்கல்லு அந்த மரத்தடியிலதான் இருக்குன்னு சொல்லுவாங்க" என்றார் தங்கராசு. "நான் உள்ள போறப்பவே அண்ணன் உங்க வண்டியத்தான் பாத்துக்கிட்டு நின்னாரு. டீச்சர்கிட்ட எப்புடிச் சொல்றதுன்னு வுட்டுட்டாரு."

ஐயா தூரத்தில் வேறு எங்கோ பார்ப்பதுபோல் நின்றார். ஊர் முழுக்கக் குனிந்து குனிந்து கேட்டவருக்கு என்னிடம் மட்டும் கேட்க வாய் வரவில்லை. அந்த மரியாதை என்னைச் சுட்டது. சாவிக்காகக் கைப்பையைத் துழாவினேன். முதலில் கையில் சிக்கியது பச்சைத் துண்டு.

சாவியைத் தேடிப் பிடித்து வண்டியை எடுத்தேன். அன்றைக்கு வாய்க்காலை விட்டு வெளியேறிய முதல் வண்டி என்னுடையதுதான். மணி பதினொன்றே கால். சர்வேயர் போய்ப் பத்து நிமிடம் ஆகியிருந்தது.

அடுத்த தேதி சொன்னதும் டவுன் பஸ்ஸில்தான் போகப் போகிறேன். கூடவே ஒரு மண்வெட்டி.