மருந்துக்கு ஒரு வரி, பேச்சுக்கு ஒரு வரி

செய்தி எங்கள் டீமின் வாட்ஸப் குழுவில் வந்தது. எங்களோடு வேலை பார்க்கும் கஸ்தூரி அக்கா காலையில் காசிமேட்டு வீட்டில் தலை துவட்டிக்கொண்டிருந்தபோதே சரிந்து விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. படித்தேன். பிறகு திரையில் திறந்திருந்த பில்லை முடித்து அனுப்பினேன். அடுத்ததையும் அனுப்பினேன். யாராவது எழுந்து போகச் சொல்லட்டும் என்று உட்கார்ந்திருந்தேன் போலிருக்கிறது.

இதைப் படிப்பவர்களில் கூட வேலை பார்த்த உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அமெரிக்க மனநல மருத்துவர்களின் குறிப்புகளைப் படித்து, அங்குள்ள இன்சூரன்சுக்கு பில் தயாரிப்பது எங்கள் வேலை. ஒரே சந்திப்பில் டாக்டர் மருந்தையும் பார்த்து, பேச்சு வழியாகவும் சிகிச்சை தந்தால் பில்லில் இரண்டு வரி வரும். பேசிய நேரத்தை அவர் தனியாகக் குறித்திருக்க வேண்டும். குறிக்காவிட்டால் பேச்சுக்குப் பணமில்லை. "எழுதலன்னா நடக்கலன்னு இல்லடி. துட்டு வராது, அவ்ளோதான்" என்பார் அக்கா.

அவர் கணவர் ஏழுமலை விசைப்படகில் போகிறவர். ஒருமுறை படகு கவிழ்ந்து, கூடப் போன தம்பி அவர் கண்ணெதிரிலேயே மூழ்கிவிட்டான். கரை சேர்ந்தவர் பேச்சை விட்டுவிட்டார். சோறு வேண்டுமா என்றால்கூட தலையாட்டல்தான். அக்கா இதை எங்களிடம் வெகுநாள் சொல்லவில்லை. கடைசியில் ராயபுரத்தில் ஒரு மனநல மருத்துவரிடம் அவரைக் கூட்டிப்போனார். சில தடவை வெறும் மாத்திரைதான். பிறகு ஒருநாள் டாக்டர் மாத்திரையை மாற்றி எழுதிவிட்டு, அக்காவை வெளியே இருக்கச் சொல்லி, அவரோடு நெடுநேரம் பேசினார். அன்றைய பில்லில் இரண்டு வரி இருந்தது. எங்கள் கம்பெனி எடுத்துத் தந்த இன்சூரன்ஸ் அதில் ஒரு வரியைத்தான் ஏற்றது. ஒரே நாளில் ஒரே டாக்டருக்கு இரண்டு கட்டணம் கிடையாதாம்.

சாப்பாட்டு இடைவேளையில் அக்கா இன்சூரன்ஸ்காரர்களுக்குப் போன் போட்டார். எத்தனையோ பேருடைய பில்லுக்காக வாதாடியவர், அன்று போனை என்னிடம் நீட்டினார். மருந்து பார்த்ததற்குத்தான் கொடுத்தாகிவிட்டதே, மீதி நேரம் டாக்டர் என்ன செய்தார் என்று மறுமுனையில் இருந்தவர் கேட்டார். நான் விதிகளைச் சொல்லத் தொடங்கினேன். அக்கா போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"கதவாண்ட உக்காந்துகினு இருந்தேன் சார். உள்ள எங்க வூட்டுக்காரரு குரல் கேட்டுச்சு. எத்தினியோ மாசம் கழிச்சு கேட்டேன். டாக்டரு அவரு பேசறத கேட்டுகினு இருந்தாரு. அதுக்குத்தான் சார் அந்த ரெண்டாவது வரி."

மறுமுனையில் இருந்தவர் மேலே அனுப்பிப் பார்ப்பதாகச் சொன்னார். மேலேயிருந்தும் இல்லை என்றே பதில் வந்தது. எனக்குத்தான் கோபம். அக்கா, "நம்மளும் நேரம் குறிக்கலன்னு எத்தினி பேரோடத தள்ளிகீறோம்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார். கையிலிருந்து பணம் கட்டி, கணவரை அழைத்துப்போய்க்கொண்டே இருந்தார். ஏழுமலை மெல்ல மெல்லப் பேசலானார். மறுபடி கடலுக்கும் போனார்.

அக்காவின் காரியம் முடிந்தபின் ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனேன். ஏழுமலை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். அவர்தான் முதலில் பேசினார்.

"டாக்டராண்ட போவணும்மா. தனியா கெளம்பினா பாதிலயே திரும்பிடறேன்."

அடுத்த முறை நான் கூடப் போனேன். அவர் உள்ளே போனார். நான் வெளியே இருந்தேன். முகம் ஈரமாக வந்தார். ஷேர் ஆட்டோவில் திரும்பினோம். கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. காசிமேட்டில் இறங்கும்போது அவராகவே சொன்னார்: "உள்ள இன்னா பேசினேன்னு அவளும் ஒருநாளும் கேக்க மாட்டா."

எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. அக்கா உட்கார்ந்த பக்கம் பார்க்காமல் வேலை செய்யப் பழகிவிட்டேன். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது இந்தக் கேட்காமலிருப்பது ஒன்றுதான். அதுவும் எனக்கே தெரியாமல் வந்து சேர்ந்தது. அடுத்த முறையும் ஏழுமலையோடு போவேன்.