பூஜையில் வைத்த நோட்டு

ராசிபுரம் பக்கத்து ஜவ்வரிசி மில் ஒன்றில் எனக்கு அலுவலக வேலை. குச்சிக்கிழங்கு என்று நாங்கள் சொல்லும் மரவள்ளியை அரைத்த கழிவுநீர் முன்பெல்லாம் திறந்த குழியில் கிடந்து நாறும். அதிலிருந்து கிளம்பும் வாயு விறகுப் புகையைவிட மோசமாகப் பூமியைச் சூடாக்கும் என்பதை நான் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு பொறியாளர் அந்தக் குழிக்குப் பக்கத்திலேயே தொட்டி கட்டி, கறுப்பு விரிப்பால் மூடி, உள்ளே நுண்ணுயிர்களை வளர்த்து, வரும் வாயுவை ஜவ்வரிசி வறுக்கும் அடுப்புக்குக் கொண்டுபோகக் கற்றுக்கொடுத்தார். அவருடைய ஆங்கிலக் கையேட்டை ஒரு நோட்டில் தமிழாக்கி எழுதியது நான். அப்போது நான் ஏழு மாதக் கர்ப்பம்.

அந்த நோட்டைப் படித்துத் தொட்டியைப் பார்த்துக்கொண்டவர், அதுவரை விறகடுப்பில் நின்ற ஓர் அண்ணன். எட்டாவது வரை படித்தவர். விரல் வைத்து வரிவரியாகப் படிப்பார். விறகு லாரி வருவது நின்ற பிறகு அவருடைய இருமலும் நின்றது. தொட்டி ஒரு கறவை மாடு, தீனியை நேரத்துக்குப் போட்டால் போதும் என்பார்.

அந்த வருட ஆயுதபூஜையின்போது என் குழந்தைக்கு ஆறு மாதம். மில்லையே கழுவிவிட்டு, மோட்டார்களுக்குப் பொட்டு வைத்து, அலுவலகப் புத்தகங்களோடு என் நோட்டையும் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கியிருந்தோம். பூஜையில் வைத்த புத்தகத்தை மறுநாள்வரை யாரும் திறக்க மாட்டோம். மதியம் அந்த அண்ணன் வந்தார். கடைசியாக, மாவு படியும் தொட்டிகளைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். கழுவின தண்ணீர் கேஸ் தொட்டிக்குத்தான் போகும்.

"ஏனுங் அம்மிணி, அது உள்ள போலாமுங்களா? நோட்டைப் பாக்கலாம்னா சாமிகிட்ட இருக்குது. நீங்க எழுதுனதுதானுங்களே."

வால்வைத் திருப்பினால் தண்ணீர் பழைய குழிக்குப் போகும். பூஜைக்கு வருகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். சேர்க்கக் கூடாதவை என்று ஒரு பக்கம் எழுதிய நினைவு இருந்தது. இது அதில் இருந்ததா? நோட்டு பத்தடி தூரத்தில் சந்தனப் பொட்டோடு இருந்தது. போய்த் திறந்திருக்கலாம். திறந்து, அதனால் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று பயந்தேன். பால் கட்டி மார்பு வலித்தது. வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது.

"கொஞ்சம் போனா ஒண்ணும் ஆகாதுங்கண்ணா."

மறுநாள் நோட்டை எடுத்துப் பார்த்தேன். சேர்க்கக் கூடாதவை பக்கத்தில், ஏழாவது வரியில் பிளீச்சிங் பவுடர், என் கையெழுத்தில்.

நாலு நாளில் அடுப்பில் சுடர் மெலிந்தது. பத்தாம் நாள் கறுப்பு விரிப்பு தொய்ந்து கிடந்தது. முதலாளி ஜெர்மனிக்காரரை வீடியோவில் அழைத்தார். ரசாயனம் ஏதாவது உள்ளே போனதா என்று அவர் கேட்டார். பக்கத்தில் நின்ற அண்ணனிடம் அதைத் தமிழில் நான் கேட்டேன். பிளீச்சிங் தண்ணீர் போனது என்று அந்த அண்ணன் ஒப்புக்கொண்டார்.

"யாரைக் கேட்டு உட்டே?" என்றார் முதலாளி.

அந்த அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. "நானாத்தானுங்க உட்டேன். நோட்டைப் பாக்கோணும்னு தோணலைங்க."

அதை நான்தான் ஆங்கிலத்தில் சொன்னேன், ஒரு சொல் பிசகாமல்.

நுண்ணுயிர்கள் செத்துவிட்டன, சாணம் கரைத்து ஊற்றி மறுபடி உயிர்ப்பிக்க மாதக்கணக்காகும் என்றார் பொறியாளர். அடுத்த கிழங்குப் பருவத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று முதலாளி விட்டுவிட்டார். விறகு லாரி திரும்ப வந்தது. அந்த அண்ணனும் பழையபடி அடுப்புக்கு அனுப்பப்பட்டார்.

ஒரு வாரம் கழித்து அவரிடம் போய், முதலாளியிடம் நான் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"உடுங்க சாமி. கைக்கொழந்தைய வச்சுக்கிட்டு வேலைக்கு எங்க போவீங்க."

என்னை வேலையைவிட்டு அனுப்பியிருக்க மாட்டார்கள். திட்டியிருப்பார்கள், அவ்வளவுதான். அது எனக்கு அப்போதே தெரியும். ஆனாலும் அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன்.

இப்போது தொட்டியின் மேல் மழைத்தண்ணீர் நிற்கிறது. அவருடைய இருமல் மறுபடி என் மேசைவரை கேட்கிறது. கேட்கும்போதெல்லாம் எழுந்து முதலாளி அறை வாசல்வரை போகிறேன். உள்ளே யாராவது இருக்கிறார்கள், இல்லையென்றால் முதலாளி போனில் இருக்கிறார். திரும்பி வந்து உட்கார்ந்துகொள்கிறேன்.