காய்ந்த புல்மேல் ஒரு சோதனை

முப்பது வருடம் தொழிற்சாலையில் பாதுகாப்பு விதிகளை மற்றவர்களுக்குப் படித்துக் காட்டிச் சம்பளம் வாங்கியவன் நான். ஆகவே சென்ற ஜனவரியில், சோலூர் மலைப்பாதை ஏற்றத்தில் எங்கள் பழைய கார் குலுங்கித் திணறியபோது மெக்கானிக்கைக் கூப்பிடக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

உறைபனியில் கருகிக் காய்ந்த ஓரப் புல்மேல் காரை நிறுத்தினேன். முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து பத்து நாளே ஆன மனைவி பின் இருக்கையில் காலை நீட்டியிருந்தாள். எஞ்சினை ஓடவிட்டு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் மின்பொறி தரும் காயிலின் இணைப்பைக் கழற்றி மாட்டினேன். எதைக் கழற்றினால் சத்தம் மாறவில்லையோ, கோளாறு அங்கே.

"ஏனுங்க, தீயற நாத்தம் அடிக்குதுங்க."

"அது பெட்ரோல் வாசம். பேசாம உக்காரு, இன்னும் ஒண்ணுதான் பாக்கி."

"பெட்ரோல் வாசம் எனக்குத் தெரியாதுங்களா? கீழ குனிஞ்சு பாருங்க!"

குனிந்தேன். எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய் எரிந்து, குழாய் செக்கச்செவேலென்று கனன்றது. அடியில் புல் புகைந்துகொண்டிருந்தது. அவளால் சட்டென்று இறங்கவும் முடியாது.

பாய்ந்து ஏறி எஞ்சினை அணைத்து, கைபிரேக்கை விடுவித்துக் காரைத் தார்ச்சாலைக்குப் பின்னோக்கி உருட்டினேன். இறங்கி ஓடிப் புல்லை மிதித்தேன். அவள் ஜன்னல் வழியே ஃபிளாஸ்க்கை நீட்டினாள்.

"வெந்நிதானுங்க இருக்குது. பரவால்லீங்களா?"

நாலாவது சிலிண்டரில்தான் கோளாறு என்று மறுநாள் மெக்கானிக் சொன்னார். என் முறைப்படியும் மிச்சமிருந்தது அதுதான்.

இப்போதெல்லாம் எஞ்சின் திணறினால் புல் இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்தி, உடனே அணைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுகிறேன். நாற்றம் என்று அவள் சொன்னால் அது என்ன நாற்றம் என்று விளக்குவதில்லை; முதலில் குனிகிறேன்.