பெலாச்சான் வறுக்கிற நேரம்

கையில ஒட்டுன வாடை எப்பப் போகும்னா கேக்குறீங்க? போகாதுங்க. எலுமிச்சம்பழம் தேய்ச்சாச்சு, காப்பித்தூள் தேய்ச்சாச்சு. இந்த ஒடாஹுஹு ஊர்ல மலேசியச் சாப்பாட்டுக்கடை வச்சா பெலாச்சான்தான் முதலாளி, நாம வேலையாள். பொடி இறால உப்புப் போட்டு, வெயில்ல காய வச்சு, இடிச்சு, செங்கல் மாதிரி அழுத்துனது, அவ்வளவுதான். ஆனா போன மாசம் அது என் கடையையே காலி பண்ணப் பாத்துச்சு. வாடகை வீட்டுல ஜன்னல மூடிட்டுக் கருவாடு வறுத்தவங்க யாராச்சும் இருந்தா கிட்ட வாங்க, நாம ஒரே கட்சி.

லக்சாவுல ஆள் குறையுது

மலாக்கா நோன்யா அம்மா ஒருத்தவங்க வாராவாரம் வருவாங்க. சீன முகம், மலாய்ப் பேச்சு, சமையல் ரெண்டும் கலந்தது. ஒரு தடவ பெலாச்சான் தீந்து போச்சு. இத்தன சாமான் போடுறோம், கட்டைவிரல் அளவு ஒண்ணு இல்லன்னா என்னாகப் போகுதுன்னு லக்சா, அதான் தேங்காப்பால் ஊத்துன நூடுல்ஸ் குழம்பு, வச்சுட்டேன். நிறம் அதேதான், தேங்காப்பாலும் அதேதான். நானே ருசி பாத்தேன், ஒண்ணும் தெரியல.

அந்தம்மா ஒரு வாய் குடிச்சாங்க. கரண்டிய மெதுவா கீழ வச்சாங்க.

"எல்லாரும் வந்திருக்காங்க தம்பி, கல்யாணப் பொண்ண மட்டும் காணோம்."

பக்கத்துக் கடை சாந்தி

நெசமான கல்யாணப் பொண்ணு வந்தது பக்கத்துக் கடைக்கு. அங்க சாந்தி சலூன் வச்சிருக்கு. ஃபிஜியில பொறந்த பொண்ணு. தமிழ் அரைகுறைதான், கோவம் வந்தா மட்டும் முழுசா வரும். அன்னிக்கு அது மணிக்கணக்கா உக்காந்து கொண்டை போட்டு, மல்லிகை சுத்தி முடிச்சிருக்கு. அந்த நேரம் பாத்து நான் பெலாச்சான வறுத்தேன். என் காத்தாடி வெளிய தள்ளுன புகை நேரா அதோட ஜன்னல்ல போயிருச்சு.

ஒரு சின்னத் துண்டுங்க! ஒரு கூடை மல்லிகைய ஒரே மூச்சுல தோக்கடிச்சுருச்சு. பொண்ணு அழுவுது, பொண்ணோட அம்மா தும்முறாங்க. சாந்தி என் கடை வாசல்ல வந்து நின்னுச்சு. அந்த மாசம்தான் என் லீஸ் முடியுது. கடைக்குச் சொந்தக்காரர்கிட்டச் சொல்லி, புதுசாக் கையெழுத்துப் போட விடமாட்டேன்னுச்சு.

"அண்ணா, நான் பூவுக்குத்தான் காசு வாங்குறேன், மீனுக்கு வாங்கல!"

கடைக்குச் சொந்தக்காரர்

சொன்ன மாதிரியே அவர் வந்துட்டாரு. வயசான வெள்ளக்காரர், சொந்தமாப் பாய்மரப் படகு வச்சிருக்காரு. சமாதானமா ஒரு தட்டு நாசி லெமாக், நம்ம தேங்காப்பால் சோறு, நீட்டுனேன், திரும்பிக்கூடப் பாக்கல. "வறு, பாக்கலாம்"னாரு. கடைக்குப் பின்னால, ரயில் தண்டவாளத்துப் பக்கம் அடுப்ப வச்சு வறுத்தேன். என் பொண்டாட்டி உள்ள நின்னு சாமிய வேண்டிக்கிட்டிருக்கா, சாந்தி கையக் கட்டிக்கிட்டு நிக்குது.

புகை கெளம்புச்சு. மனுஷன் மூக்கப் பொத்தல. விரல நாக்குல நனைச்சு மேல தூக்கிப் பிடிச்சாரு. கோயில்ல சாமியப் பாக்குற மாதிரி புகை போற வழியவே பாத்தாரு. நானும் பாத்தேன். இத்தன வருஷம் புகையோட இருந்தும் காத்துப் பக்கம் நான் திரும்பினதே இல்லங்க. அப்புறம் சட்டைப் பையிலேருந்து பேனாவ எடுத்து, புது லீஸுல கையெழுத்துப் போட்டுக்கிட்டே சொன்னாரு.

"இங்கயே வெளிய வச்சு வறு, தென்மேற்குக் காத்து அடிக்கிறப்ப மட்டும். ரயில் தண்டவாளத்துக்கு மூக்கு கெடையாது."

இப்போ

வேலியில சலூன் ரிப்பன் ஒண்ணு பறக்குது பாருங்க, காத்து எந்தப் பக்கம்னு தெரிய சாந்தி கட்டுனது. நேத்துலேருந்து அது தப்பான பக்கமே ஆடுது. பெலாச்சான் வறுக்க முடியல, அதான் தொட்டுக்கிற சம்பல் இல்ல. அந்த நோன்யா அம்மாவும் ரிப்பனப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்காங்க...

"அண்ணா, தென்மேற்கு வந்துருச்சு! எனக்கு மூணு மணிக்கு ஒரு கல்யாணப் பொண்ணு வருது, சீக்கிரம்!"

இந்தா வந்துட்டேம்மா! வரேங்க, எல்லாரும் கடிகாரத்தப் பாத்துச் சமைக்கிறாங்க, நான் வானத்தப் பாத்துச் சமைக்கிறேன்.