அக்கரைப் பீரங்கி

வேலை விட்டு வரும்போது அத்தான் தெருமுனையிலேயே வண்டியை அணைத்துவிட்டு, வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டே வருவார். வண்டி மக்கர் என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன். அடுத்த வீட்டில் நோயில் படுத்திருந்த வயதான அம்மாள் கண்ணயரும் நேரம் அது என்று பிறகுதான் புரிந்தது.

என் அக்காவைக் கட்டியவர். வெளியுறவு அலுவலகத்தில், ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் நாட்டைப் பற்றி அமைச்சருக்குக் குறிப்பு எழுதிக்கொடுக்கிற வேலை. அவர்களோடு நடந்த பழைய போரில் நாங்கள் தோற்ற நாள் வந்தால் அக்கரையில் பீரங்கி முழங்கும். ஜெயித்ததைக் கொண்டாடுகிறார்கள் என்று நான் படித்த நாலாம் வகுப்பிலேயே பாடம். அத்தானும் அப்படியே எழுதியிருந்தார். அதை நம்பி, அவமானம் பொறுக்காமல் வருஷாவருஷம் அந்த மாதம் முழுக்கப் பாலத்தை மூடிவிடுவார்கள்.

அந்த வருஷம், அக்கரையில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை நிறைமாதம். முதல் பிள்ளை தங்கவில்லை. இந்தப் பிரசவத்தை இக்கரைப் பெரிய ஆஸ்பத்திரியில்தான் பார்க்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முன்கூட்டியே வந்து தங்கவும் அனுமதி கிடையாது. பாலம் மூடிவிட்டது.

"பூட்டுனது உங்க ஆபீஸ்தானே? திறங்களேன்!" என்று அக்கா சோறு போடும்போதெல்லாம் குத்துவாள்.

"சாவி என்ன என் இடுப்புலயா தொங்குது?"

அலுவலகச் சீட்டு இருந்ததால் அத்தான் மட்டும் தாண்டலாம். தங்கையைப் பார்க்கப் போன அன்றே பீரங்கி முழங்கியது. தெருவே ஒரு கல்தூணைச் சுற்றி நின்று அழுதது. தங்கையின் மாமியாரிடம் கேட்டிருக்கிறார்:

"ஜெயிச்ச நாள்ல ஏம்மா அழுறீங்க?"

"யாருப்பா ஜெயிச்சது? அன்னிக்குச் சண்டையிலேர்ந்து படகுல தப்பிச்சு வந்த எங்க ஜனத்தையே எதிரின்னு நினைச்சு எங்க பீரங்கி சுட்டுடுச்சு. அவங்களுக்காகத்தான் இந்த முழக்கம். நாங்க அழுறதுகூடப் பொறுக்காம நீங்க பாலத்த மூடுறீங்கன்னுல்ல நினைச்சோம்!"

திரும்பி வந்தவர் தட்டைத் தள்ளிவைத்தார். "ஒரு தடவை கூட போய்ப் பாக்காம எழுதிட்டேன்டி."

"இப்பப் பாத்தாச்சுல்ல, எழுதுங்க."

"எழுதினா வேலைக்கு உலை."

"வைக்கட்டும். அதுல அரிசி போட எனக்குத் தெரியும்."

தப்பு என்னுடையது என்று அமைச்சர் முன்னால் போய் நின்றார். "இத்தனை வருஷம் ஊர் சிரிக்கவா பாலத்த மூடினோம்?" என்று அவர் குதித்தாராம். ஆனாலும் ஆள் அனுப்பி விசாரித்தார். சத்தமில்லாமல் பாலம் திறந்தது. தங்கை வலியோடுதான் வந்து சேர்ந்தாள்; ஆண்டவன் கருணை, தாயும் மகளும் பிழைத்தார்கள். இன்றுவரை அந்த மாதம் பாலம் மூடியதில்லை.

அத்தானைத் தொலைதூரத்து ஊருக்கு மாற்றிப் போட்டார்கள். வழியனுப்பப் பஸ் நிலையத்துக்கு எல்லோரும் போனோம். நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அங்கேதான். ஜன்னல் வழியே கை நீட்டிக் குழந்தையின் கன்னத்தைத் தொட்டுவிட்டு என்னிடம் சொன்னார்:

"அடுத்த வருஷம் அந்த நாள்ல நீயும் அக்கரைக்குப் போம்மா. வேடிக்கை பாக்க இல்ல. அவங்க அழறப்போ கூட நில்லு, போதும்."