விற்காத போஞ்சி

இலங்கை மலையகத்தின் மடுல்கெல்ல பஸ் தரிப்பிடத்தில் போஞ்சி, அதாவது பீன்ஸ், விற்ற அந்த அக்காவின் பெயர் எனக்குத் தெரியாது. ஒல்லியான உடம்பு, தண்ணீர்க் கேன் தூக்கிக் காய்த்துப்போன விரல்கள். யாரும் கேட்காமலேயே ஒரு போஞ்சியை ஒடித்து, புதிதாகப் பறித்தது என்று காட்ட அதன் சத்தத்தைக் கேட்கவைப்பார்.

மழை பொய்த்த அந்த வருடம் வேறு எங்கும் போஞ்சி கிடைக்கவில்லை. ஒருநாள், மேலேயுள்ள விடுதியின் வேன் வந்து நின்றது. விருந்தினர் நிறைந்திருக்கிறார்கள், கூடையோடு வேண்டும் என்றார் மேனேஜர்.

"உங்களுக்கு இல்லைங்க சார். எங்க ஊத்துத் தண்ணிய பைப் போட்டு நீச்சல் குளத்துக்கு எடுத்தீங்கள்ல, அதையே ஆக்கிப் போடுங்க."

மேனேஜர் கெஞ்சிப் பார்த்தார். வேன் காலியாகத் திரும்பிப் போனது.

"மொத்தமா குடுத்திருந்தா வேளையோட வீட்டுக்குப் போயிருக்கலாமே அக்கா?" என்றேன்.

"போன தடவ பாத்தியெல்லாம் காஞ்சு செத்துப்போச்சு தம்பி. இந்தத் தடவ ஆத்துல இருந்து தூக்கி ஊத்துனேன். வித்துப் பொழைக்க மட்டுமில்ல. அவங்க வந்து கேக்கணும், நான் இல்லன்னு சொல்லணும்."

அவர் முகத்தில் சிரிப்பில்லை. அரைக் கிலோ வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். ஒரேயொரு 'இல்லை' சொல்வதற்காக ஒரு போகம் முழுவதும் தண்ணீர் சுமந்த இன்னொருவரை நான் இதுவரை சந்தித்ததில்லை.