சஹனில் என் கை போன இடம்

சண்டை முடிந்து மன்னாருக்குத் திரும்பலாம் என்று ஆனதும் நானா போய்விட்டார். எனக்கு இருக்கிற ஒரே கூடப்பிறந்தவர், என் அண்ணன், அவர்தான். நான் கடையைப் பிடித்துக்கொண்டு, நாங்கள் அகதிகளாக வந்து சேர்ந்த தில்லையடியிலேயே இருந்துவிட்டேன். "வாப்பாட காணி காடாக் கெடக்கு, நீ கடையக் கட்டிப் புடிச்சிட்டு இரு" என்று சொன்னவர், அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவே இல்லை. மகளின் கலியாணம் வந்தபோது எனக்கு இருந்த ஒரே கவலை, நானா வருவாரா, என்னோடு கதைப்பாரா என்பதுதான். வந்தார். வாசலில் ஸலாம் சொன்னார். அதோடு சரி.

சாப்பாட்டுக்கு அவரைப் பிடித்து என் சஹனிலேயே, என் பக்கத்தில் இருத்தினேன். ஒரே பெரிய தட்டத்தைச் சுற்றி இருந்து, அவரவர் முன்னால் இருக்கும் சோற்றைச் சாப்பிடுவதுதான் சஹன். ஒன்றாகக் கை வைத்தவர்கள் கதைக்காமலா எழும்புவார்கள் என்று எனக்கு ஒரு நப்பாசை. எதிரே மச்சானும் சம்பந்தியும் இருந்தார்கள்.

மச்சான்தான் என் வாயைக் கிளறினார். "நீங்க ஏதோ மனப் பயிற்சிக்குப் போறீங்களாமே?"

போதாதா எனக்கு! மதுரங்குளியில் நான் போகும் வகுப்பைப் பற்றி அவிழ்த்துவிட்டேன். எதைச் செய்தாலும் அறிந்து செய்ய வேண்டும். ஒரு பிடி சோறு எடுத்தால் அதன் சூடு விரலுக்குத் தெரிய வேண்டும், பக்கத்தில் இருப்பவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். "எங்கட ஆக்கள் அள்ளிப் போடுறதுதான், சாப்பிடுறதில்ல" என்றும் சொல்லி வைத்தேன். சம்பந்தி தலையாட்டத் தலையாட்ட எனக்கு உற்சாகம் ஏறிக்கொண்டே போனது.

"அல்ஹம்துலில்லாஹ், போதும்" என்று நானா கையை எடுத்தார்.

"என்ன நானா, அதுக்குள்ள?" என்று அப்போதுதான் குனிந்து பார்த்தேன். அவர் முன்னால் சோறும் இல்லை, இறைச்சியும் இல்லை. நெய் படிந்த தட்டத்தில் என் விரல்கள் வழித்த கோடுகள், என் பக்கத்திலிருந்து அவர் பக்கம் வரைக்கும் போயிருந்தன. நானாவுக்குப் பல் கழற்றியிருந்தார்கள். மெல்ல மெல்லத்தான் மென்று சாப்பிட்டிருக்கிறார். அதுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

"சோறு கொண்டாங்க, சோறு!" என்று கத்தினேன். நானா அதற்குள் கை கழுவத் தொடங்கிவிட்டார். மச்சான் தட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

நானா பஸ்ஸுக்குப் புறப்பட்டபோது பின்னாலேயே ஓடினேன். "நானா, மன்னிச்சுக்கங்க. ஒங்கட பங்கையும் சாப்பிட்டுட்டேன். நான் பாக்கல்ல."

"சோறு கெடக்கட்டும்டா தம்பி" என்றார் நானா. அவர் முகத்தில் கோபமே இல்லை. "காணியில சின்னதா ஒரு வீடு கட்டிட்டேன், ஒருக்கா வந்து ரெண்டு நாள் இருந்துட்டுப் போ எண்டு சஹன்ல வெச்சுச் சொன்னேன். நீ கதைச்சிட்டே இருந்தாய். திருப்பியும் சொன்னேன். இனியும் கேக்க எனக்கு வெக்கமா இருக்கு."

வெட்கமாம், அவருக்கு!